ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஜன்னல் பராமரிப்பு

கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளின் ஜன்னல்களை ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் சோதிக்கின்றன. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை வீசும் மேற்குக் காற்று ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. காற்று சேர்த்த தூசியை மழை வருமுன் அகற்றிவிட்டால் ஜன்னல் பராமரிப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

காற்றுக் காலம்

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்தில் இறக்கிவிடுகிறது. மலை இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் கூடித்தான் இப்பக்கம் நுழைகிறது. கூடலூர், கம்பம் பகுதிக்குச் சாரலாவது கிடைக்கும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் இதுவே காரணம். இந்தக் காற்று உழுத வயல், செம்மண் மேடு, சாலையோரம் என எல்லா இடத்துப் புழுதியையும் மேற்குப் பார்த்த ஜன்னல்களில் கொண்டுவந்து ஒட்டுகிறது.

புழுதியில் கலந்திருக்கும் படிக மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய கீறல்கள் விழும். அவை பிறகு போகாது. எனவே இந்த மாதங்களில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுவதே போதும். இதைவிட முக்கியமானது கொக்கி. திறந்த கதவு காற்றில் அடித்துக்கொண்டால் கண்ணாடி உடைவதோடு கீல்களின் திருகாணிகளும் தளரும். ஆனி பிறப்பதற்குள் கொக்கி, கொண்டி, கீல் மூன்றையும் முறுக்கி, சில துளி எண்ணெய் விடுவது நல்லது.

புரட்டாசி: முழுச் சுத்தம்

காற்று ஓய்ந்து மழை தொடங்காத இடைவெளி புரட்டாசி. ஆயுத பூஜைக்காக வீட்டைக் கழுவும் வழக்கமும் ஏறத்தாழ இதே சமயத்தில் வருவதால் ஆண்டின் பெரிய சுத்தத்தை அப்போதே முடித்துவிடலாம்.

முதலில் கொசுவலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். பிறகு சட்டத்தின் தூசியைத் தட்டி, கண்ணாடியில் தண்ணீரை வழியவிட்டு மணலை இறக்க வேண்டும். அதன் பின்பே சோப்புத் தண்ணீர். ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, ஓரங்களைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கலாம். வெயில் விழும் நேரத்தில் கழுவினால் நீர் உடனே காய்ந்து கோடுகள் தங்கும். மேற்கு ஜன்னலுக்குக் காலையும் கிழக்கு ஜன்னலுக்கு மாலையும் ஏற்றவை.

போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் படியும். வினிகரைச் சம அளவு தண்ணீருடன் கலந்து சில நிமிடம் ஊறவிட்டால் அவை கரையும். எலுமிச்சைச் சாறும் உதவும். ஜன்னலின் அடியில் பதித்த கல் கடப்பாவாகவோ மார்பிளாகவோ இருந்தால் அதன்மேல் இந்த அமிலம் சொட்டக் கூடாது. இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள் என்பதால் பளபளப்பு போய்விடும்.

அலுமினியம், யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னல்களில் கீழ்த் தடத்தின் வெளிப்புறம் சிறு வடிகால் துளைகள் இருக்கும். ஆடிப் புழுதி அவற்றை அடைத்துவிட்டால் ஐப்பசி மழைநீர் வடிய வழியின்றித் தடத்தில் நிரம்பி அறைக்குள் வழியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு குச்சியும் இருந்தால் துளைகளைத் திறந்துவிடலாம். சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் சிலிகோன் பூச்சு விரிசல் விட்டிருந்தால் அதையும் அப்போதே அடைக்க வேண்டும்.

மழையும் பனியும்

மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் பருக்கிறது. நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. கதவு நிலையில் சிக்குவது இதனால்தான். அந்த நேரத்தில் இழைப்புளியால் சீவிவிட்டால் கோடையில் மரம் சுருங்கி இடைவெளி விழும். அதுவரை விளிம்பில் மெழுகு தேய்த்துச் சமாளிக்கலாம். நிலையின் அடிப்பகுதியில் மண்கூடு தெரிந்தால் கரையான் ஏறியிருக்கிறது என்று பொருள். கூட்டைச் சுரண்டுவது மட்டும் போதாது. அது புறப்படும் தரையிலும் சுவர் விரிசலிலும் மருந்து செலுத்த வேண்டும்.

மார்கழிப் பனியின் ஈரம் இரும்புக் கம்பிகளில் தங்கித் துருவை வளர்க்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சு வெடிக்கும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும்போது கண்ணாடியைச் செய்தித்தாளால் மூட வேண்டும். சிதறிய சுண்ணாம்பை ஈரமாக இருக்கும்போதே துடைக்காவிட்டால் அதன் காரம் கண்ணாடியில் தடம் பதிக்கும்.

கோடை: மராமத்து

மாசி, பங்குனியில் மரமும் சுவரும் நன்றாகக் காய்ந்திருக்கும். மழையில் சிக்கிய கதவுகள் இன்னும் உரசினால் இப்போது சீவலாம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். மரக்கதவின் கீழ் விளிம்பைப் பெயிண்டர்கள் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். நார்களின் வெட்டுமுனை அங்கே திறந்திருப்பதால் மரம் அதிகமாக நீர் குடிப்பது அந்த இடத்தில்தான்; கதவைக் கழற்றியாவது அங்கே பெயிண்ட் பூச வேண்டும். பிற்பகல் வெயில் படும் மேற்கு ஜன்னல்களின் வார்னிஷ் மற்றவற்றைவிட விரைவில் வெளுக்கும். அவற்றுக்கு அடிக்கடி மறுபூச்சு தேவைப்படும். சித்திரைக் கோடை மழைக்கு முன் இந்த வேலைகளை முடித்தால் பூச்சு காய நாள் கிடைக்கும்.