வாக்மேனும் அதன் ரப்பர் பெல்ட்டும்

ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று விற்பனைக்குக் கொணர்ந்த டிபிஎஸ்-எல்2 என்னும் முதல் வாக்மேன், இரண்டு சிறு பாட்டரிகளின் 3 வோல்ட் சக்தியில், ஒலிநாடாவை விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டும் யந்திரம். பல வருஷங்கள் அலமாரியில் கிடந்து மௌனமாகிவிட்டால், மோட்டார் எரிந்ததென்று பலரும் முடிவு கட்டிவிடுவர். அநேகமாய் அது நிரபராதி. அதன் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்தான் தளர்ந்தோ, தார்போல் இளகிக் கப்பியின் பள்ளத்தில் கரிய பிசினாய் அப்பிக்கொண்டோ கிடக்கும். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் அப்பிசினை முற்றும் துடைத்தெடுத்து, அளவொத்த புது பெல்ட்டைப் பூட்டிய பின்னும் சுருதி பேதித்தால், 3 கிலோஹெர்ட்ஸ் ஒலி பதிந்த பரிசோதனை நாடாவை ஓடவிட்டு, வேகத்தைச் சீராக்கும் நுண்ணிய திருகை மயிரிழை மயிரிழையாய்த் திருப்புவது வழக்கம். பாட்டைக் கேட்டே திருப்பிவிடலாமென்பது வீண் தைரியம்.