விடாத பிடியும் தீர்ந்துபோகும் பேனாக்களும்

விண்டோஸ் கணினியில் ஒரு ஸ்லைடரைப் பிடித்து இழுக்கிறீர்கள். பொத்தானை விட்ட பிறகும் அது அம்புக்குறியை விடாமல் பின்தொடர்கிறது. பழி மவுஸ் மேல் விழும். கோளாறோ பெரும்பாலும் நிரலில் இருக்கும்.

இழுக்கும்போது அம்புக்குறி ஸ்லைடரின் எல்லையைத் தாண்டிப் போவதுண்டு. அப்போதும் அசைவுச் செய்திகள் தனக்கே வரவேண்டுமென்று ஸ்லைடர் ‘செட்கேப்சர்’ கட்டளையால் விண்டோஸிடம் கேட்டுவைக்கும். பொத்தான் மேலெழுந்ததும் ‘ரிலீஸ்கேப்சர்’ மூலம் பிடியை விடும். நடுவில் வேறொரு சாளரம் அந்தப் பிடியைப் பறித்துக்கொண்டால், பறிபோனதைச் சொல்ல ஒரு செய்தி வரும். அதைக் காதில் வாங்காத ஸ்லைடர், இழுவை இன்னும் நடப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

இடப்பக்கம் எல்லை தாண்டினால் இன்னொரு வம்பு. அங்கே அம்புக்குறியின் இடம் எதிர்ம எண்ணாக வரும். 16 பிட்டில் வரும் −5-ஐக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 65,531! இடக்கோடியில் நிற்கவேண்டிய ஸ்லைடர் வலக்கோடிக்குத் தாவிவிடும்.

நினைவகக் கோளாறு இவ்வளவு வெளிப்படையானதல்ல. மவுஸ் மேலே வந்ததும் நிறம் மாறும் திரைப் பொத்தான், ஒவ்வொரு முறையும் வரைவதற்குப் பேனா, தூரிகை என்ற விண்டோஸின் வரைகலைப் பொருள்களை (ஜிடிஐ பொருள்கள்) உருவாக்கும். வேலை முடிந்ததும் அழிக்கவேண்டும். பேனா வரைபரப்பில் மாட்டியிருக்கும்போதே அழிக்கச் சொன்னால் விண்டோஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பை யாரும் பார்ப்பதில்லை; அழியாத பேனாக்கள் கசிவாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு செயலிக்கு வழக்கமான உச்சவரம்பு 10,000 பொருள்கள். அதைத் தொட்டதும் புதிய பேனா கிடைக்காது. படவுருக்கள் காணாமல் போகும், பட்டைகள் வெறிச்சோடும். இத்தனைக்கும் டாஸ்க் மேனேஜரின் நினைவகக் கணக்கு பெரிதாக ஏறியிருக்காது. ‘ஜிடிஐ பொருள்கள்’ என்ற நெடுவரிசையைத் தனியே சேர்த்துப் பார்க்கவேண்டும். அதைத் திறந்துவைத்து, பொத்தானின் மேல் மவுஸை முன்னும் பின்னும் ஓட்டினாலே போதும்: எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் இறங்காவிட்டால், கசிவு அங்கேதான்.

ஸ்லைடரின் இழுவைப் பிழையை இப்படிப் பிடிக்கமுடியாது. பிழை தேடும் கருவியான டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்து இழுவையின் நடுவே நிரலை நிறுத்தினால், டீபக்கரின் சாளரம் முன்னே வந்து பிடியைக் கலைத்துவிடும். தேடிய பிழை மறையும், தேடாதது முளைக்கும். அதனால் அனுபவசாலிகள் நிரலை நிறுத்துவதில்லை. பிடி எப்போது விழுந்தது, எப்போது விட்டது, அம்புக்குறி எங்கே இருந்தது என ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி பதிவுக்கோப்பில் எழுதவைத்து, இழுத்து முடித்த பிறகு நிதானமாகப் படிக்கிறார்கள்.