ஒரே வரி, பல சோலோ: டிரம்மர்களுக்குக் கைகொடுக்கும் சிங்கோபேஷன் பயிற்சி

டிரம்ஸ் கத்துக்கிற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வரும். கை வேகமாகப் போகும். ஆனால் சோலோ என்று வந்தால், மனப்பாடம் செய்த அதே நாலு ஃபில்தான் திரும்பத் திரும்ப வரும். இதிலிருந்து வெளியே வர உதவுவது சிங்கோபேஷன் பயிற்சி.

அது என்ன சிங்கோபேஷன்?

'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று எண்ணும்போது, அழுத்தம் எண்ணின் மேல் விழாமல் நடுவில் வரும் 'அண்ட்' மேல் விழுவதுதான்.

அமெரிக்க டிரம்மர் டெட் ரீட் 1958-ல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி ஆசிரியர் ஆலன் டாசன், அதில் உள்ள ஒரே வரியை மாணவர்களைப் பல விதமாக வாசிக்க வைத்தார்.

எப்படிச் செய்வது?

* வலது கை ரைடு சிம்பலில் தாளம் பிடிக்க, வரியை இடது கையால் ஸ்நேரில் வாசியுங்கள்.
* அதே வரியில் குறுகிய ஸ்வரங்களை ஸ்நேரிலும், நீண்டவற்றை பேஸ் டிரம்மிலும் வாசியுங்கள்.
* வரியில் உள்ள ஸ்வரங்களை அழுத்தி, இடைவெளிகளை மென்மையான அடிகளால் நிரப்புங்கள். பிறகு அழுத்தங்களை மட்டும் டாம்களுக்கு மாற்றுங்கள். இங்கேதான் சோலோ உருவாகிறது.

வெறும் பயிற்சி மாதிரி கேட்குதா? அதற்கும் டாசனிடம் வழி இருந்தது: ஒரு பாட்டின் மெட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசிப்பது. அப்போது பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தவறாது. சோலோவும் பாட்டோடு ஒட்டி நிற்கும்.

அவரிடம் படித்த டோனி வில்லியம்ஸ், 1963-ல் 17 வயதிலேயே மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார்.

இன்று ஒரே ஒரு வரி போதும். மெட்ரோனோமை மெதுவாக வைத்து, மூன்று விதமாகவும் வாசித்துப் பாருங்க.