சான் மிகுவெல் டெல் வாடோ நில மானியம்

சான் மிகுவெல் டெல் வாடோ நில மானியம் என்பது ஸ்பானியக் குடியேற்ற அரசு 1794 ஆம் ஆண்டில், இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் வழங்கிய ஊர்ப்பொது மானியம் ஆகும். 'வாடோ' என்னும் ஸ்பானியச் சொல் ஆற்றைக் கடக்கும் துறையைக் குறிக்கும். இம்மானியம் பற்றிய 1897 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அப்பகுதியின் பொது நிலங்கள் யாருக்கு உரியவை என்னும் கேள்விக்கு விடையாக அமைந்தது.

மானிய ஆவணங்கள்

லொரென்சோ மார்க்கெஸ் என்பவர் தமக்காகவும் வேறு 51 பேருக்காகவும் ஆளுநர் பெர்னாண்டோ சாக்கோனிடம் மனு அளித்தார். மனுதாரருள் 13 பேர் பழங்குடியினர். 1794 நவம்பரில் நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதன் எல்லைகள் அளந்து குறிக்கப்படவில்லை. ஆறு, பள்ளத்தாக்கு, குன்று முதலியவற்றைக் கொண்டே சுட்டப்பட்டன. ஒப்படைப்பு ஆவணத்தில் காணப்படும் நிபந்தனைகளுள் சில:

* நிலம் மனுதாரர்க்கு மட்டுமன்றிப் பின்னர் வந்து சேர்வோருக்கும் பொதுவானது.
* குடியேறுவோர் துப்பாக்கியோ வில்லும் அம்புமோ வைத்திருத்தல் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அனைவரிடமும் துப்பாக்கி இருத்தல் வேண்டும்.
* வாய்க்கால் வெட்டுதல் முதலிய பணிகளை அனைவரும் கூடிச் செய்தல் வேண்டும்.

1803 ஆம் ஆண்டில் பேத்ரோ பவுதிஸ்தா பினோ என்னும் அலுவலர் விளைநிலங்களை 58 குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தார். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட நிலம் பிரிக்கப்படாமல் பொதுவாகவே இருந்தது.

வழக்கு

1848 ஆம் ஆண்டின் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் நியூ மெக்சிகோ அமெரிக்காவின் ஆட்சிக்குள் வந்தது. மக்களின் சொத்துரிமை மதிக்கப்படும் என்று அவ்வுடன்படிக்கை உறுதியளித்தது. பழைய மானியங்களை விசாரிக்க 1891 இல் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அது சுமார் 3,15,000 ஏக்கர் கொண்ட முழு மானியத்தையும் உறுதி செய்தது.

அரசு மேல்முறையீடு செய்தது. 'ஐக்கிய அமெரிக்கா எதிர் சாண்டோவால்' என்று அறியப்படும் இவ்வழக்கில், தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர் எழுதிய தீர்ப்பு மேற்கண்ட முடிவை மாற்றியது. ஸ்பானியச் சட்டப்படி, பகிர்ந்தளிக்கப்படாத நிலத்தின் உரிமை அரசரிடமே இருந்தது. அது மெக்சிகோ வழியாக அமெரிக்க அரசைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கருதியது.

விளைவு

ஊராருக்கு எஞ்சியது சுமார் 5,000 ஏக்கர் மட்டுமே. தலைமுறைகளாக ஆடுமாடு மேய்த்த நிலம் அரசு நிலமாயிற்று. இத்தீர்ப்பு பிற ஊர்ப்பொது மானியங்களையும் பாதித்தது. அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய இழப்புகளை ஆராய்ந்து, நிலத்தைத் திருப்பியளித்தல், இழப்பீடு வழங்கல் முதலிய வழிகளைக் காங்கிரசின் பரிசீலனைக்கு முன்வைத்தது.