நள்ளிரவு வேலையும் எழுதிவைத்த கிரமமும்

கடலையும் கருவேலங்காட்டையும் விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கணினி உத்தியோகத்துக்குப் போன பிள்ளைகள், ராமநாதபுரம் சீமையில் மண்டபம், கீழக்கரை, பரமக்குடி என்று எந்த ஊரிலும் இன்று உண்டு. விடுமுறைக்கு வந்த இடத்திலும் சனிக்கிழமை நள்ளிரவில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்றைக்கு ரிலீஸ்" என்று சொல்லி அவர்கள் விடிய விடிய விழித்திருப்பதைப் பார்க்கும் பெற்றோருக்கு, எழுதி முடித்துவிட்ட ஒன்றை உபயோகத்துக்கு விடுவதற்கு ஓர் இரவு முழுவதும் கண்விழிப்பானேன் என்ற சந்தேகம் எழுவது இயற்கை. மென்பொருள் உலகமே ஏறக்குறைய ஐம்பது வருஷங்களாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டுவரும் கேள்விதான் அது.

வங்கிகள், காப்பீட்டுக் கம்பெனிகள், அரசாங்க இலாகாக்கள் ஆகியவற்றின் காரியங்களை நடத்தும் மென்பொருள்களில் மிகப் பல, 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி வெளியிட்ட ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. பலர் தனித்தனியே எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திரட்டி, யந்திரம் ஏற்கும் உருவத்துக்கு மாற்றி, வெளியார் எழுதிய துணை நிரல்களைச் சரியான பதிப்பில் தேடிச் சேர்த்து, சோதனைகளை ஓட்டி, ஜார், வார் என்று பெயர் கொண்ட பொதிகளாகக் கட்டுவது வரையில் உள்ள வேலையை பில்ட் என்கிறார்கள். அந்தப் பொதியை ஒவ்வொரு சர்வருக்கும் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, பழையதைப் பத்திரப்படுத்தி, புதியதை வைத்து, மறுபடியும் ஓடவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது டிப்ளாய்மென்ட். இதில் எந்தப் படியும் தனியாகப் பார்த்தால் கடினமானதல்ல. ஆனால் எல்லாப் படிகளையும், எல்லா சர்வர்களிலும், ஒன்றையும் மறவாமல், அகாலத்தில், தூக்கக் கலக்கத்தோடு ஒரு மனிதன் செய்யவேண்டும் என்பதில்தான் அபாயம் இருக்கிறது.

அந்த அபாயத்தின் அளவை அறிய அமெரிக்காவில் 2012 ஆகஸ்டு 1-ஆம் தேதி காலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நைட் காபிடல் என்ற பங்கு வர்த்தகக் கம்பெனி, நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய ஏற்பாடு ஒன்றுக்காகத் தன் நிரலை மாற்றி, எட்டு சர்வர்களில் அதை வைக்கவேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்த ஊழியர் ஏழில் வைத்தார். எட்டாவதில் வைக்க விட்டுப்போயிற்று. அந்த எட்டாவதிலோ, 2003-லிருந்து உபயோகத்தில் இல்லாத பழைய நிரல் ஒன்று அகற்றப்படாமல் கிடந்தது. அதைத் தூண்டும் அடையாளத்தையே புதிய நிரலுக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, கேட்பாரின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. காரணம் புரியாத பொறியாளர்கள், புதிய நிரலில்தான் பிழை என்று எண்ணி, நன்றாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கிப் பழையதற்கே திரும்பவே, ஓரிடத்தில் இருந்த வியாதி எட்டு இடங்களுக்கும் பரவியது. 45 நிமிஷங்களில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகள்; நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் தாமாகவே ஊழியர்களுக்கு வந்திருந்தன என்பதையும், வைத்த நிரலை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவேண்டும் என்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லை என்பதையும் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013-ல் வெளியிட்டது. மறந்துபோன அந்த ஊழியரைக் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. மனித ஞாபகத்தின் மீது இத்தனை பெரிய பாரத்தை ஏற்றியதே குற்றம்.

பரிகாரம் புதியதல்ல. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியைச் செய்தார். எதற்குப் பின் எது என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அது படித்துப் படித்துச் செய்துவிடும். ஆனால் அந்தக் கோப்பில் கட்டளை வரிகள் டாப் என்னும் குறியோடுதான் தொடங்கவேண்டும் என்றொரு விசித்திர நிபந்தனை வாய்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி அந்தக் குறிக்கு முன்னால் புகுந்தாலும் வேலை நின்றுபோகும். டாம்கேட் என்ற ஜாவா சர்வரைக் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், அந்த இடைவெளியாலும், கணினிக்குக் கணினி வேறுபடும் கட்டளைகளாலும் சலித்துப்போய், ஜாவாவிலேயே ஆன்ட் என்ற கருவியை எழுதினார். 2000-ல் அது அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பின் வழியே தனியாக வெளிவந்தது. துணை நிரல்களைத் தானே தேடி இறக்கும் மேவன் அதன் பின் வந்தது. தம் மாற்றங்களால் பில்ட் உடைந்து சகாக்களின் கோபத்துக்கு ஆளாகிக்கொண்டிருந்த கோசுகே கவாகுச்சி, யார் எதை மாற்றினாலும் உடனுக்குடன் பில்ட் செய்து பார்க்கும் ஹட்சனை 2004-ல் ஆரம்பித்தார். 2011 முதல் அதற்கு ஜென்கின்ஸ் என்று பெயர். எரிச்சலிலிருந்து பிறந்த கருவிகளே இந்தத் துறையில் நீடித்து வாழ்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவற்றில் முக்கியமான அம்சம் வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மறுக்கும் சக்தி. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் அளவு மீறினால், ஓட்டுநருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும், காற்றுமானியோடு இணைந்த சிக்னல் ரயிலை விடாது. யாரும் யாரிடமும் கெஞ்ச இடமில்லை. அதைப் போலவே, சோதனை ஒன்று தோற்றால் பொதி கட்டப்படாது, பொதி இல்லையேல் சர்வருக்குப் போக எதுவுமில்லை என்று ஒழுங்குசெய்துவிட்டால், மேலதிகாரியின் அவசரமும் வாடிக்கையாளரின் நச்சரிப்பும் அந்த வாசலில் நின்றுவிடுகின்றன. ஆனால் எழுதாத சோதனையை எந்தக் கருவியும் ஓட்டாது. கிரமத்தையே பிழையாக எழுதிவைத்தால், அந்தப் பிழையை ஒரு சர்வரும் விடாமல் வெகு விசுவாசமாகச் செய்து முடிக்கும். ஆகையால் அந்தக் கிரமக் கோப்பையும் மற்ற நிரல்களைப் போலவே பதிப்பு எண்ணோடு காப்பாற்றி, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே மாற்றவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், உபயோகத்துக்கு விடும் கடைசிப் பொத்தானை ஒரு மனிதரே அழுத்தவேண்டும் என்று வைத்திருக்கும் ஸ்தாபனங்கள் பல உண்டு. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த மனிதர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தேநீர் குடித்துவிட்டு வந்து, எல்லோரும் ஆபீசில் இருக்கும்போதே அதை அழுத்தலாம் என்பதும், ஏதேனும் கெட்டுப்போனால் முந்திய பதிப்புக்குத் திரும்பும் வழி அதே கோப்பில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுந்தான் நான் சொல்லக்கூடியது.