மர விமானத்துக்கு எந்தத் துணி?

துணியைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாலராமபுரம் நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேதான் இருக்கிறது. பலராம வர்மா மகாராஜா (1798–1810) காலத்தில் தெற்கேயிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் குழித்தறிச் சத்தம் இன்றும் அங்கே கேட்கிறது. அந்தச் சத்தத்தில் வளர்ந்து, இப்போது பாறசாலையில் இருக்கும் என்னிடம் அக்காள் மகன் ஒரு நாள் கேட்டான்: "மாமா, நம்ம தறித் துணிய விமானத்து ரெக்கையில போட்டா என்ன?"

பையன் வீட்டுக் கொட்டகையில் மரத்தாலே ஓராள் விமானம் கட்டுகிறான். காது கேளாத, வாய் பேசாத தொடுபுழை சஜி தாமஸ் தானே விமானம் கட்டிப் பறக்கவிட்ட கதை அவன் தலைக்குள் புகுந்த பூச்சி. முறையான அனுமதி கிடைக்காமல் அது தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது அவன் அம்மாவுக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு.

கேள்வி கிறுக்குத்தனமானது அல்ல. 1935 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்திலிருந்து அஞ்சல் பையோடு பம்பாய்க்குக் கிளம்பிய டாட்டாவின் ஃபாக்ஸ் மாத் விமானத்துக்கு உடல் ஒட்டுப்பலகை. இறக்கையோ மரச்சட்டத்தின் மேல் போர்த்திய துணி. (சரியாக 21 ஆண்டு கழித்து அதே நவம்பர் 1-இல்தான் நமக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது. அது வேறு கதை.) இரண்டாம் உலகப்போரின் மாஸ்கிட்டோ விமானத்தின் ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய பருத்தித் துணிக்கு மடப்பொல்லம் என்று பெயர். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்து ஊரின் பெயர் அது.

ஆனாலும் மருமகனிடம் வேண்டாம் என்றேன். காரணத்தை விளக்குகிறேன். விமானத்தைக் கீழிருந்து காற்று தள்ளுவதாகத்தான் நாம் நினைக்கிறோம். தூக்கும் விசையில் பெரும்பங்கு இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைவதால் வருவது. அதாவது, பறக்கும்போது மேல்துணி வெளியே உறிஞ்சி இழுக்கப்படுகிறது. எனவேதான் பசையை மட்டும் நம்பாமல், சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக, துணியை ஒவ்வொரு விலாக்கட்டையோடும் நூலால் சுற்றித் தைக்கிறார்கள். துணி கிழிந்தால் அந்த இறக்கை வெறும் மரச்சட்டம்தான்.

விமானத்துக்கென்றே நெய்த 'கிரேடு ஏ' பருத்தி, ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு, அதாவது சுமார் 36 கிலோ தாங்க வேண்டும். பழசாகி 56 பவுண்டுக்குக் கீழே போனால் உரித்துவிட வேண்டும். மெதுவாகப் பறக்கும் சின்ன விமானத்துக்கு இவ்வளவு வேண்டாம் என்பது உண்மைதான். என்றாலும் ஒரு நல்ல வேட்டியில் ஓர் அங்குலப் பட்டை வெட்டி, வாளியைக் கட்டித் தொங்கவிட்டு மணல் போட்டுப் பார்த்தோம். 20 கிலோ எட்டுமுன்னே டப்பென்று அறுந்தது. பையன் முகம் வாடிப் போயிற்று. நெய்தவர் மேல் குற்றமில்லை மக்கா, அது இடுப்புக்கு நெய்தது என்றேன். எனக்கும் உள்ளுக்குள் வருத்தந்தான்.

சரி, கிரேடு ஏ பருத்தியையே வாங்கிப் போட்டால்? அங்கேதான் நம் ஊர்க் காலநிலை குறுக்கே நிற்கிறது. பருத்தியையும் லினனையும் விறைப்பாக்குவது 'டோப்' என்னும் பூச்சு. பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது காயும்போது துணியை முரசுத் தோல்போல் இழுத்துச் சுருக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் டோப் வெளுத்துப் பலமிழக்கும். நைட்ரேட் டோப் சுலபத்தில் தீப்பிடிக்கும். முதல் உலகப்போரில் ஒருவகை டோப்பின் ஆவியால் இங்கிலாந்துத் தொழிற்சாலைப் பெண்கள் மஞ்சள்காமாலை வந்து இறந்ததும் உண்டு. எல்லாம் சரியாகப் பூசினாலும், பருத்தியில் பூஞ்சணம் பிடிக்க நம் மழைக்காலம் ஒன்று போதும்.

ஆகவே பாலியஸ்டர். அது மட்காது, பூஞ்சணத்துக்கு இரையாகாது. அதை இறுக்குவது டோப் அல்ல, சூடு: இஸ்திரிப்பெட்டியால் முதலில் சுமார் 120 டிகிரி செல்சியஸ், கடைசியில் 177. பெட்டியின் திருகை நம்பக் கூடாது, வெப்பமானி வைத்துப் பார்த்தே தேய்க்க வேண்டும். சூடு கூடினால் துணி கெடும். மெலிந்த விலாக்கட்டைகள் வளைந்தும் போகலாம். பாலியஸ்டருக்குப் பெரிய எதிரி வெயில். அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சை விட்டவன் துணியை விட்டான். அவசரக்காரர்கள் இதையே மிச்சம் பிடிக்கிறார்கள்.

மரக்காரர்கள் மறப்பது இன்னொன்று. துணி ஒட்டும் பசையும் டோப்பும் சாதாரண வார்னிஷைக் கரைத்துத் தூக்கிவிடும். துணி படும் மரத்துக்கு இரண்டு கலவை எபாக்சி வார்னிஷ்தான் அடிக்க வேண்டும். முந்தி அடித்ததை மருமகன் பத்து நாள் உட்கார்ந்து சுரண்டினான். என்னிடம் பேசவில்லை.

இடது இறக்கை தை மாதத்தில் முடிந்தது. வலது இறக்கையை இடவப்பாதிக்குள் முடித்துவிடலாம் என்கிறான். நான் விடவில்லை. பூச்சு வேலைக்கு ஈரமில்லாத நாள் வேண்டும், அடுத்த தை வரட்டும். அதுவரை, முடிந்த இறக்கையின் அடித்துணியில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வடிகால் துளை போடுகிற வேலை இருக்கிறது. உள்ளே நீர் நின்றால் மரம் உளுத்துப் போகும்.