குதிரைக்குட்டி வாங்கப் போகிறீர்களா? காலைப் பாருங்கள்!

(வானொலியில் ஒலிபரப்பான உரை)

ஆடி மாதம் வந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். சவாரிக்கோ வண்டிக்கோ ஒரு மட்டக்குதிரைக் குட்டி பிடித்து வரலாம் என்று பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போனதும் சுழி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள். பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வண்டியைச் சுழியா இழுக்கப் போகிறது? கால்தானே இழுக்க வேண்டும்! ஆகவே, துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுமுன் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் வயது. குட்டி பிறந்து ஒரு வாரத்தில் மேலும் கீழும் நடு முன்பற்கள் முளைக்கும். சுமார் 8 வாரத்துக்குள் அவற்றை அடுத்த பற்களும், 8 மாதம் வாக்கில் ஓரப்பற்களும் வந்துவிடும். இவையெல்லாம் பால்பற்கள், சிறிதாக, வெள்ளையாக இருக்கும். இரண்டரை வயதில் நடுப்பல், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரப்பல் விழுந்து, பெரிய, சற்றே மஞ்சளான நிலைப்பல் வரும். வாய் நிறையப் பால்பல்லை வைத்துக்கொண்டு, "மூணு வயசுங்க" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். மேல்வரிசைப் பல் கீழ்வரிசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் குட்டிக்குப் புல்லைக் கடித்து மேய்வது சிரமம்.

அடுத்தது கால். குட்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். மேட்டில் நிறுத்தி உயரம் காட்டுகிறவர்களும் உண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது, தோள் முனையிலிருந்து விட்ட நூல் முட்டி, கணு, குளம்பு மூன்றையும் நடுவாகப் பிளக்க வேண்டும். பின்காலுக்குப் பின்னாலிருந்து இதேபோல் பாருங்கள். முட்டிகள் ஒன்றோடொன்று இடித்தாலும், பக்கவாட்டில் பார்க்கையில் முன்கால் முட்டி பின்னோக்கி வளைந்திருந்தாலும் அந்தக் குட்டி வேண்டாம். முன்குளம்புகள் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பிறகு கெட்டித் தரையில் நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பாருங்கள். முன்காலில் நோவிருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். தொப்புளில் வீக்கம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

இனி வளர்ச்சி. ஒரு வயதுக் குட்டிக்குப் பின்புறம் உயர்ந்து, தோள் தாழ்ந்து இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்பக்கம் முந்தி வளரும், தோள் பிறகு ஈடுகட்டும். அந்த வயதிலேயே முழு உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடுகிறது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். உயரம் வந்துவிட்டது, பலம் வரவில்லை! முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளரும் முனை கெட்டிப்பட இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கு ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். அதற்குள் பாரம் ஏற்றினால் மூட்டு வீங்கி, ஆயுசுக்கும் நொண்டியாகிவிடும். போட்ட பணமும் போச்சு, வாயில்லா ஜீவனுக்கும் வேதனை. மூன்று வயது முடியுமுன் வண்டியில் பூட்டாதீர்கள். அதன்பிறகும் பாரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்டுங்கள்.

தீனியிலும் கவனம் வேண்டும். தவிட்டை அள்ளி அள்ளி வைக்காதீர்கள். தவிட்டில் மணிச்சத்து மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிடே பிரதானத் தீனியானால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு கரைந்து, முகம் வீங்கி, கால் நொண்டும். பசும்புல்லோடு குதிரைமசாலும் அளவாகப் போடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. அதற்காக மளமளவென்று கொழுக்க வைப்பதும் கூடாது. வேகமாக வளரும் குட்டிக்கு முட்டிக்கு மேலும் கணுவிலும் வீக்கம் காணும்.

முடிவாக, முன்பணம் கொடுக்குமுன் கால்நடை மருத்துவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சந்தையில் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்து வாங்கிய குட்டி இருபது வருஷம் உங்களுக்கு உழைக்கும்.